கம்பெனி விலை ஒன்று, கைமாறும் விலை வேறு!

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. காரைக்கால் கடற்கரையில் கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, காரைக்கால்மேடு ஆகிய மீனவர் குப்பங்கள் நொறுங்கின. நூற்றுக்கணக்கான பேர் மாண்டனர். படகும் வலையும் போன இடம் தெரியவில்லை.

அந்த ஆழிப்பேரலைக்கும் இத்தாலி நாட்டு பந்தயக் கார் ஒன்றுக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்ப முடிகிறதா? உண்டு!

இத்தாலியில் மரனெல்லோ என்று ஓர் ஊர். அங்கேதான் பெராரி கார்த் தொழிற்சாலை இருக்கிறது. அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் என்சோ பெராரி. அவருடைய பெயரையே வைத்து, 2002-ம் ஆண்டில் "என்சோ" என்ற அதிவேகக் காரை வெளியிட்டார்கள். "மொத்தம் 349 கார்தான் செய்வோம்" என்று முதலில் சொன்னார்கள். கேட்டு வந்தவர்களோ அதற்கு மேல். "சரி, இன்னும் 50" என்று 399 ஆக்கினார்கள். அதோடு நிறுத்திக் கொண்டார்கள்.

பிறகு 400-வதாக ஒரே ஒரு காரைச் செய்து, போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பாலுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். போப்பாண்டவருக்கு பந்தயக் கார் எதற்கு? தருமத்துக்காக அதை ஏலம் விட ஏற்பாடு ஆயிற்று. 2005-ம் ஆண்டு ஜூன் மாதம் மரனெல்லோவில் நடந்த ஏலத்தில் அந்தக் கார் 10 லட்சத்து 55 ஆயிரம் யூரோவுக்குப் போயிற்று. அன்றைய மதிப்பில் சுமார் 5½ கோடி ரூபாய்! கம்பெனி போட்ட விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஏலப் பணம் ஆழிப்பேரலையில் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது.

தருமக் காரியம், அதனால் யாரோ ஒரு சீமான் தாராளமாகக் கொடுத்தார் என்று சொல்லலாம். ஆனால் தருமமே இல்லாத இடத்திலும் இப்படித்தான் நடக்கிறது. கடையில் சோப்பு வாங்கும்போது உறையில் அச்சடித்த விலைக்கு மேல் காலணா கேட்டாலும் நாம் சண்டைக்குப் போகிறோம். கோடிக்கணக்கில் பணம் உள்ளவர்கள், எழுதிய விலைக்கு மேல் இரண்டு பங்கும் மூன்று பங்கும் கொடுத்து ஒரு காரை வாங்கிப் போகிறார்கள். அவர்கள் என்ன ஏமாளிகளா?

ஏலத்துறையில் நின்று பார்த்தால்...

காரணம் தெரிய இத்தாலி வரை போக வேண்டாம். காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் காலையில் போய் நின்றால் போதும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ந் தேதி முதல் 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. அந்த நாட்களில் சிறு படகுகள் கொண்டு வரும் மீன்தான் கரைக்கு வரும். வஞ்சிரம் நாலு கிடந்தால் அதைச் சுற்றி நாற்பது பேர் நிற்பார்கள். கூடை ஏலம் தொடங்கிய வேகத்தில் விலை ஏறும். மீன் அதே மீன்தான். ருசியும் அதே ருசிதான். வந்தது கொஞ்சம், கேட்பவர் அதிகம். கிராக்கி!

ஆனால் மீனுக்கும் இந்தக் கார்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மீன் குறைவாக வந்தால் அது கடலின் செயல், தடைச் சட்டத்தின் செயல். கார் குறைவாக வருவது கம்பெனி வேண்டுமென்றே செய்கிற காரியம். ஆயிரம் பேர் கேட்பார்கள் என்று தெரிந்தேதான் 500 செய்கிறார்கள். ஒரு கார் மிஞ்சி விற்பனைக் கூடத்தில் தூசி படிந்து நின்றால் பெயர் கெட்டு விடும். ஒரு கார் குறைந்தாலோ, கிடைக்காதவர் ஏங்குவார். கிடைத்தவர் மீசையை முறுக்குவார்.

ஆனி மாதம் காரைக்கால் அம்மையார் கோவில் மாங்கனித் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏக்கம் நன்றாகப் புரியும். பிச்சாண்டவர் பவனி வரும்போது மாடியிலிருந்தும் கூரையிலிருந்தும் மாம்பழங்களை இறைப்பார்கள். கீழே கூட்டம் முண்டியடிக்கும். பக்கத்துக் கடையில் கூடை கூடையாக மாம்பழம் இருக்கிறது. காசு கொடுத்தால் கிடைக்கும். இருந்தாலும், இறைத்ததில் ஒன்று கைக்கு வந்தால்தான் திருப்தி. அது பக்தி. அதைப் பணக்காரர்களின் கார் ஆசையோடு சேர்த்து எடைபோடக் கூடாதுதான். ஆனாலும், ஒரு பொருளின் மதிப்பு அந்தப் பொருளுக்குள்ளேயே முழுவதும் அடங்கி விடுவதில்லை என்பதை அந்த வீதியில் நிற்கிற குழந்தையும் அறியும்.

கண்ணாடியில் ஒட்டிய சீட்டு

அமெரிக்காவில் புதிய கார் ஒவ்வொன்றின் ஜன்னல் கண்ணாடியிலும் ஒரு விலைச் சீட்டு ஒட்டியிருக்கும். இது 1958-ல் வந்த சட்டம். அதற்கு முன்பு கார் வியாபாரிகள் ஆளைப் பார்த்து விலை சொல்லி வந்தார்கள். மன்ரோனி என்ற செனட் உறுப்பினர் முயன்று இந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தார். அதனால் அந்தச் சீட்டுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம். சீட்டை ஒட்ட வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. அந்த விலைக்கே விற்க வேண்டும் என்று சொல்லவில்லை! அது கம்பெனி சொல்லும் யோசனை விலை. கம்பெனி வேறு, கடைக்காரர் வேறு. கார் தேங்கிக் கிடந்தால் கடைக்காரர் சீட்டு விலையிலிருந்து குறைத்துக் கொடுப்பார். கிராக்கி இருந்தால் பக்கத்திலேயே இன்னொரு சீட்டை ஒட்டுவார். "மார்க்கெட் நிலவரத்துக்காக இவ்வளவு கூடுதல்" என்று அதில் எழுதியிருக்கும். பிடித்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் அடுத்தவர் வாங்குவார்.

அப்படியானால் கம்பெனி ஏன் இளித்த வாயாக இருக்க வேண்டும்? இரண்டு கோடிக்குப் போகும் காருக்குத் தானே இரண்டு கோடி என்று விலை போட்டு விடலாமே! லாபத்தைப் புரோக்கரும் கடைக்காரரும் அள்ளிக் கொண்டு போக விடுவானேன்?

இங்கேதான் கம்பெனிக்காரர்களின் சாமர்த்தியம் இருக்கிறது. இந்த அபூர்வக் கார்களைக் கையில் பணத்தோடு வருகிற எல்லோருக்கும் கொடுத்து விட மாட்டார்கள். யாருக்கு என்று ஒரு பட்டியல் போடுவார்கள். பெராரி கம்பெனியின் அபூர்வக் கார் வேண்டுமா? ஏற்கெனவே அந்தக் கம்பெனியின் கார்களை வாங்கி வைத்திருக்கும் பழைய வாடிக்கைக்காரராக இருக்க வேண்டும். அதனால் என்ன ஆகிறது? நாளைக்கு வரப் போகும் அபூர்வக் கார் ஒன்றுக்காக, இன்றைக்கு சாதாரணக் கார்கள் மூன்று நான்கை வாங்குகிறார்கள். (சாதாரணக் கார் என்றால் நம் ஊர் கணக்கில் அல்ல. அதுவும் கோடி ரூபாய் சமாசாரம்தான்!) சீட்டு விலையில் விட்ட பணத்தைக் கம்பெனி வேறு வாசல் வழியாக வாங்கிக் கொள்கிறது. விலையைக் குறைவாக வைப்பது வேண்டியவர்களுக்குக் கொடுக்கும் பரிசு மாதிரி. பரிசை வாங்கியவர் நன்றி மறக்க மாட்டார் அல்லவா?

இன்னொன்று. "அந்தக் கம்பெனிக் காரை வாங்கியவர் மறுநாளே இரண்டு பங்கு விலைக்கு விற்றார்" என்ற பேச்சு ஊரெல்லாம் பரவுகிறதே, அதைவிட நல்ல விளம்பரம் வேறு இல்லை. அந்த விளம்பரத்துக்குச் செலவும் கிடையாது.

மல்யுத்த வீரர் மீது வழக்கு!

வாங்கியதும் விற்று லாபம் பார்ப்பவர்கள் மீது கம்பெனிகளுக்குக் கோபமும் உண்டு. அமெரிக்காவின் போர்டு கம்பெனி "ஜி.டி." என்ற அதிவேகக் காரை வெளியிட்டபோது, முதல் 500 கார்களுக்கு 6,500-க்கு மேற்பட்ட மனுக்கள் வந்தன. ஒரு காரின் விலை 4½ லட்சம் டாலர். வேலைக்கு மனு போடுவது போல மனுப் போட்டு, கம்பெனி பொறுக்கி எடுத்தவர்களுக்குத்தான் கார். அப்படிப் பொறுக்கப்பட்டவர்களில் ஒருவர் பிரபல மல்யுத்த வீரர் ஜான் சீனா. இரண்டு ஆண்டுகளுக்குள் காரை விற்கக் கூடாது என்பது கம்பெனியின் நிபந்தனை. கார் கைக்கு வந்த சில வாரங்களில் அவர் அதை விற்று விட்டார்! 2017-ல் கம்பெனி அவர் மீது வழக்குப் போட்டது. 2018-ல் ராஜியாயிற்று. சமரசத் தொகையைத் தருமத்துக்குக் கொடுப்பதாகக் கம்பெனி அறிவித்தது.

அதே 2018-ம் ஆண்டு மே மாதம் இன்டியானாபொலிஸ் நகரில் இன்னொரு போர்டு ஜி.டி. கார் ஏலத்துக்கு வந்தது. கம்பெனி கோர்ட்டுக்குப் போயும் ஏலத்தைத் தடுக்க முடியவில்லை. 16½ லட்சம் டாலருக்கு அந்தக் கார் போயிற்று. சீட்டு விலையைப் போல மூன்றரை மடங்குக்கு மேல்!

பிரான்ஸ் நாட்டின் அதிசயக் கார்

காரைக்கால் 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். இன்றைக்கும் பிரான்ஸ் நாட்டில் அண்ணன், மச்சான், மாமா என்று உறவு உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. விடுமுறைக்கு வரும் அவர்கள் வாயிலாக பிரெஞ்சுக் கார்களின் பெயர் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பிரான்சில் அல்சாஸ் பகுதியில் மோல்செம் என்ற சிற்றூர் இருக்கிறது. எத்தோர் புகாட்டி என்ற இத்தாலியர் அங்கே 1909-ல் கார் செய்யத் தொடங்கினார். இன்றும் அதே ஊரில்தான் புகாட்டி கார்கள் உருவாகின்றன. அதில் "ஷிரோன்" என்பது 1,500 குதிரைச் சக்தி உள்ளது. மொத்தம் 500 தான் செய்வது என்று முதலிலேயே முடிவு கட்டி விட்டார்கள். அவை விற்றுத் தீர்ந்த பிறகு, அதே வகையைச் சேர்ந்த தனிக் கார் ஒன்று எஞ்சியிருந்தது. அதைப் போல வேறொன்று உலகத்தில் கிடையாது. 2023-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி அதைப் பாரிஸ் நகரில் ஏலம் விட்டார்கள். 42 லட்சம் முதல் 55 லட்சம் யூரோ வரை போகும் என்பது மதிப்பீடு. போனதோ 97 லட்சத்து 90 ஆயிரம் யூரோ! அன்றைய மதிப்பில் 85 கோடி ரூபாய்க்கு மேல். அதுவரை ஏலத்தில் விற்ற புதுக் கார்களில் அதற்குத்தான் அதிக விலை.

ஏறிய விலை இறங்கவும் செய்யும்

"அப்படியானால் அபூர்வக் கார் வாங்கினால் பணம் குட்டி போடுமா?" என்று கேட்கலாம். சிலருக்குப் போட்டது. சிலருக்கு முதலையே தின்றது.

இங்கிலாந்தின் ஜாகுவார் கம்பெனி 1988-ல் "எக்ஸ்.ஜே.220" என்ற காரைக் கண்காட்சியில் வைத்தது. பார்த்தவர்கள் மயங்கினார்கள். 350 கார்தான் செய்வது என்றார்கள். ஆளுக்கு 50 ஆயிரம் பவுன் முன்பணம் கட்டச் சுமார் 1,500 பேர் முன்வந்தார்கள். அவர்களில் பலருக்கு ஓட்டும் ஆசை இல்லை. கைமாற்றி லாபம் பார்க்கும் ஆசை! ஆனால் கார் வெளிவந்தது 1992-ல்தான். அதற்குள் உலகத்தில் வியாபாரம் மந்தமாகி விட்டது. கண்காட்சியில் காட்டிய 12 சிலிண்டர் எஞ்சின் போய் 6 சிலிண்டர் எஞ்சின் வந்திருந்தது. விலையும் ஏறிப் போயிருந்தது. முன்பணம் கட்டியவர்கள் "எங்களுக்குக் கார் வேண்டாம்" என்று பின்வாங்க, விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. திட்டமிட்ட 350-ஐக் கூடச் செய்து முடிக்க முடியவில்லை.

ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி கதை இன்னும் வேடிக்கை. 2016-ல் "911 ஆர்" என்று ஒரு கார். கையால் கியர் மாற்றும் பழைய பாணி. 991 கார்களே செய்தார்கள். அமெரிக்காவில் சீட்டு விலை சுமார் 1 லட்சத்து 85 ஆயிரம் டாலர். கைமாறிய விலை அதைப் போல இரண்டு, மூன்று பங்கு! 2017-ல் அதே கம்பெனி, கையால் கியர் மாற்றும் இன்னொரு காரைக் கொண்டு வந்தது. ஓட்டிப் பார்த்தால் அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எண்ணிக்கைக் கட்டுப்பாடும் கிடையாது. 911 ஆர் காரின் கைமாறும் விலை சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர் யாரிடம் போய் அழுவது?

ஆகவே கூடுதல் விலை கொடுப்பவர் காரை மட்டும் வாங்கவில்லை. "இதற்கு மேல் செய்ய மாட்டோம்" என்கிற கம்பெனியின் வாக்கையும் சேர்த்தே வாங்குகிறார். 349 என்றவர்கள்தானே 399 செய்தார்கள்?

நம் வீட்டிலும் நடந்த கதை

இதெல்லாம் சீமான் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று தள்ளி விட முடியாது. இந்தியாவில் ஒரு காலத்தில் சாதாரண ஸ்கூட்டரே "அபூர்வ வாகனமாக" இருந்தது. வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு கார் செய்ய அனுமதி பெற்ற கம்பெனிகள் விரல் விட்டு எண்ணக் கூடியவை. வங்காளத்தில் அம்பாசிடர், பம்பாயில் பியட், சென்னையில் ஸ்டாண்டர்டு. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் சென்னையிலிருந்து வந்தது. எந்தக் கம்பெனி எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு சர்க்கார் அனுமதி வேண்டும். வெளிநாட்டுச் சாமான் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. விலைக்கும் கட்டுப்பாடு. எண்ணிக்கை குறைவு, எழுதிய விலையும் குறைவு. பிறகு கேட்க வேண்டுமா? பெயரைப் பதிந்து விட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். புதுக் காரை வாங்கி, வாசலில் நிறுத்தி, அதைப் பழைய கார் என்று சொல்லி, புதுக் கார் விலைக்கு மேல் விற்றவர்கள் உண்டு. உலகத்தில் வேறு எங்கே பழைய வண்டிக்குப் புது வண்டியைவிட அதிக விலை!

இந்தக் கொள்ளையைத் தடுக்க 1959-ல் கார் விநியோகக் கட்டுப்பாட்டு உத்தரவும், 1960-ல் ஸ்கூட்டருக்கு அதே போன்ற உத்தரவும் பிறந்தன. உத்தரவு வந்ததால் வண்டி அதிகமாகி விடுமா? கறுப்பு மார்க்கெட் தொடர்ந்தது.

ஸ்கூட்டர் கதைதான் குடும்பங்களை அதிகம் வாட்டியது. பதிந்து பத்தாண்டு வரை காத்திருந்தவர்கள் இருந்தார்கள். "மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர்" என்று கல்யாணப் பேச்சில் சம்பந்தி கேட்டு விட்டால், பெண்ணைப் பெற்றவர் எங்கே போவார்? ஸ்கூட்டர் விலையைக் கடன் வாங்கியாவது புரட்டி விடலாம். வரிசையில் முன்னால் இருப்பவரின் இடத்தை விலைக்கு வாங்கவும் தனியாகப் பணம் வேண்டும். வெளிநாட்டில் உள்ள உறவினர் அந்நியச் செலாவணியாகப் பணம் கட்டினால், வரிசையில் நிற்காமல் ஸ்கூட்டர் பெறும் வழியும் இருந்தது. அக்கரையில் அண்ணன் இருந்த பெண்ணுக்கு அது அதிர்ஷ்டம். இல்லாத பெண்ணின் தகப்பனார் புரோக்கர் வீட்டு வாசலில் நின்றார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெராரிக்கு இரண்டு பங்கு கொடுத்தவர் பெருமைக்காகக் கொடுத்தார். வேண்டாம் என்றால் அவருக்கு நடந்து போகிற நிலைமை இல்லை. ஸ்கூட்டருக்குக் கூடுதல் கொடுத்தவர் கட்டாயத்தால் கொடுத்தார். கணக்கு ஒன்றுதான், கண்ணீர் வேறு.

1983-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி முதல் மாருதி கார் வெளிவந்தது. விலை சுமார் 50 ஆயிரம் ரூபாய். அதற்கு 10 ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டிப் பதிந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்! யாருக்கு முதலில் என்று குலுக்கிப் போட்டார்கள். குலுக்கலில் பெயர் வந்தவருடைய சீட்டுக்கே தனி விலை கிடைத்தது. பின்னர் கம்பெனிகள் பெருகின, வண்டிகள் பெருகின. கூடுதல் பணம் கேட்ட காலம் போய், "தவணையில் எடுத்துக் கொள்ளுங்கள், தள்ளுபடி தருகிறோம்" என்று வீடு தேடி வரும் காலம் வந்தது. புரோக்கர்களைச் சட்டம் ஒழித்ததைவிட, தொழிற்சாலைகள் ஒழித்ததே அதிகம்.

20 நிமிஷத்தில் 100 கார்!

ஆனாலும் அபூர்வக் கார் ஆசை இந்தியாவை விட்டுப் போகவில்லை. 2025-ம் ஆண்டு அக்டோபரில் ஸ்கோடா கம்பெனி "ஆக்டேவியா ஆர்.எஸ்." என்ற வேகக் காரில் 100 மட்டும் இந்தியாவுக்கு ஒதுக்கியது. விலை ஏறத்தாழ 50 லட்சம் ரூபாய். பதிவு தொடங்கிய 20 நிமிஷத்தில் அத்தனையும் தீர்ந்து போயிற்று.

வெளிநாட்டில் முழுதாகச் செய்து இங்கே இறக்குமதியாகும் விலையுயர்ந்த கார்களுக்குப் பல ஆண்டுகளாக, காரின் விலைக்குச் சமமாகவே சுங்கவரி இருந்து வந்தது. அதன் மேல் வாங்குபவரின் மாநிலத்தில் சாலை வரி. கேரளத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு நூற்றுக்கு 20 வரை வரி போட்டார்கள். ஒரு கோடி ரூபாய் காருக்கு 20 லட்சம்! புதுச்சேரி மாநிலத்திலோ வரி வெகு குறைவு. கிராக்கிக்காகப் பல லட்சம் கூடுதல் கொடுக்கக் கூசாத பணக்காரர்கள், இந்த வரியைக் கொடுக்கத்தான் கூசினார்கள்!

புதுச்சேரி மாநிலத்து வண்டிகளின் எண் "பி.ஒய்." என்று தொடங்கும். புதுச்சேரிக்கு 01, காரைக்காலுக்கு 02, மாஹேக்கு 03, ஏனாமுக்கு 04. கேரளத்துச் சாலைகளில் ஓடிய சொகுசுக் கார்கள் பல, இந்த எண்களைத் தாங்கி நின்றதை அந்த மாநில அதிகாரிகள் கவனித்தார்கள். தோண்டிப் பார்த்தால், காரின் சொந்தக்காரர் புதுச்சேரியில் குடியிருப்பதாகப் பொய் முகவரி கொடுத்திருப்பதாகப் புகார். 2017-ல் சினிமாக்காரர்கள் உள்பட பலர் மீது விசாரணையும் வழக்கும் வந்தன.

ஒரு வண்டி தன் மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால், அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். காரைக்காலில் வாங்கிய மொபெட்டை நாகப்பட்டினத்தில் வேலை பார்க்கும் மகனுக்கு அனுப்பினாலும் அதே சட்டந்தான்.